மஞ்சள் துணிக்குள் பன்னிரண்டு மூலை

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். தம்பானூரில் மழை, குடையை விரித்தால் நின்று, மடக்கினால் பெய்கிற ரகம். கண் ஆஸ்பத்திரியில் என் மனைவியின் ஆபரேஷனுக்கு நாள் உறுதி செய்துவிட்டுத் திரும்பியவன், பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடையில் ஒதுங்கினேன். டீ பன்னிரண்டு ரூபாய், பருப்பு வடை பத்து. ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். மீதி இருபத்தெட்டும் சில்லறையாகவே வந்தது. ஒரு இருபது, ஒரு ஐந்து, ஒரு இரண்டு, ஒரு ஒன்று.

எண்ணாமல் எதையும் வாங்குகிறவன் அல்ல நான். முப்பத்துநாலு வருஷம் தணிக்கைப் பிரிவில் இருந்து, மற்றவர்கள் எண்ணியதை மறுபடி எண்ணுவதற்கென்றே சம்பளம் வாங்கியவன். அன்றும் எண்ணினேன். மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளி. உள்ளங்கையில் நாலு நாணயம், அதில் ஒன்று மூலை மூலையாக, இரண்டு நிறத்தில். இருபது ரூபாய் நாணயம் அப்படித்தான் இருக்கும். கூட்டினால் இருபத்தெட்டு வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீடு இருக்கும் கரமனைக்கு பஸ் ஏறினேன்.

இந்த நாணயங்களை அடிக்கிறவர்கள் மேல் எனக்குப் பல வருஷமாகவே கோபம். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் பழைய ஐந்து ரூபாயும் ஒரே எஃகு, ஒரே வட்டம், ஒரே பளபளப்பு. கண் நன்றாக இருக்கிறவனே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. கண் மங்கியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பதற்கு அங்கே ஒரு ஆள் கிடையாது. இப்போது எல்லோரும் கடையில் ஒட்டியிருக்கும் சதுரத்துக்குப் போனைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். காசை யாரும் பார்ப்பதே இல்லை. பார்க்காத பொருளில் எது கலந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

என் மனைவிக்கு இடது கண் போய் மூன்று வருஷம் ஆகிறது. சர்க்கரை வியாதி நரம்பைத் தின்றுவிட்டது. வெளிச்சம், நிழல், அவ்வளவுதான் அதில். வலது கண்ணில் புரை. அது முற்றிவிட்டது, இனியும் தள்ளினால் ஆபரேஷனே சிக்கலாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் சர்க்கரை இறங்காமல் கத்தி வைக்க முடியாது என்றும் அவரேதான் சொன்னார். மூன்று மாதம் அவள் அரிசியைக் குறைத்து, நான் காபியில் சர்க்கரை போட்டுக்கொள்வதைக்கூட அவள் காதுபட ஸ்பூனால் கலக்காமல் மறைத்து, ஒரு வழியாக இறங்கியது. பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை ஆபரேஷன். விட்டால் அடுத்த மாதக் கடைசி. இதற்கிடையில் கொதிக்கிற குழம்பில் இரண்டு விரலை விட்டுக் கொப்புளம் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் நான் நடந்தால், இருமினால்தான் நான் என்று தெரியும். இருமாமல் போனால் யாரது என்று கேட்பாள்.

அந்த ஒரு கண்ணுக்காகத்தான், நான் நாள் உறுதி செய்துவந்த மறுநாள், பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்து காசு முடிந்து வைத்தாள். எங்கள் வீடுகளில் இது வழக்கம். கடுமையாக உடம்புக்கு வந்தால் ஒரு நாணயத்தைத் தலையைச் சுற்றி, குலதெய்வத்தை நினைத்து, மஞ்சளில் நனைத்த துணியில் மூன்று முடிச்சாகப் போட்டு சுவாமி அலமாரியில் வைக்க வேண்டும். உடம்பு நேரானதும் கோவிலுக்குக் கொண்டுபோய் அங்கேதான் அவிழ்க்க வேண்டும். நடுவில் அவிழ்த்தால் வேண்டிக்கொண்டதைத் திருப்பி எடுத்துக்கொண்டதாக ஆகும். காசு வீட்டுக்காரரின் சம்பாத்தியமாக இருக்க வேண்டும் என்பதும் விதி. கடன் வாங்கியது, கீழே கிடந்தது, இன்னொருவன் கொடுத்தது எதுவும் உதவாது. ஆகவே அவள் என் சட்டைப் பையில் கை விட்டாள்.

"ஏன்னா, உங்க பாக்கெட்லேந்து ஒரு காசு எடுத்துண்டேன்" என்றாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது.

"எந்தக் காசு?"

"மூலை மூலையா இருக்குமே, அது. விரலுக்குத் தெரியறது அது ஒண்ணுதான். பாக்கியெல்லாம் ஒரே வட்டம்."

"அது இருபது ரூபா. ஒரு ரூபா போறாதா?"

"ஒரு ரூபாய்க்கு என்ன கண்ணு வரும்?"

எழுந்து போய் அலமாரியில் இருந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தேன். இருபது ரூபாய் போகிற இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்ப்பது என் சுபாவம். மூலைகள் இருந்தன. ஆனால் காசு சின்னதாக இருந்தது. மேஜை டிராயரிலிருந்து இன்னொரு இருபது ரூபாய் நாணயத்தை எடுத்துவந்து துணிக்கு மேல் வைத்து அழுத்தினேன். சுற்றிலும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அங்கேயே வாயை மூடிக்கொண்டு பேப்பருக்குத் திரும்பியிருக்க வேண்டும். "இது இருபது ரூபாய் இல்லையே" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கை அப்படியே நின்றது. "கள்ளக் காசா?"

"தெரியலை. அவுத்துப் பாத்தாத் தெரிஞ்சுடும்."

"தொடாதீங்கோ."

"சரி, இது கிடக்கட்டும். வேற ஒண்ணு முடி."

"முதல்ல முடிஞ்சதை என்ன பண்றது? தலையைச் சுத்தியாச்சு, சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. அது அங்கேயே இருக்கறச்சே மேல இன்னொண்ணா? என்னன்னு தெரிஞ்சு சொல்லுங்கோ. கள்ளக் காசை சுவாமிக்கு வெச்சுட்டுக் கத்திக்குக் கீழ போய்ப் படுக்கமாட்டேன்."

நான் கத்தினேன். மூன்று மாதம், ஒன்பது தடவை ரத்தப் பரிசோதனை, ஒரு கண், அதற்கு மேல் இந்த மஞ்சள் துணி. அவள் பதிலுக்குக் கத்தவில்லை. அன்று ராத்திரி முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தாள், காலையில்தான் திரும்ப அலமாரியில் வைத்தாள். அவள் தூங்கும்போது நான் அவிழ்த்துப் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உண்மையில் எனக்கும் அதுதான் எண்ணம். நாற்பத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் ஒரு திருட்டுத்தனமும் மிச்சம் இருக்காது.

மறுநாள் தம்பானூருக்கு பஸ்ஸில் போனேன். பத்து ரூபாய். டீக்கடைக்காரன் தென்காசிப் பக்கத்துக்காரன். இங்கே வந்து வருஷக்கணக்காகிறது; பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவான். என்னைப் பார்த்ததும் ஒரு டீயை எடுத்து நீட்டினான்.

"சாமி, வடையும் வேணுமா?"

"வடை வேண்டாம். செவ்வாய்க்கிழமை நீ குடுத்த இருபது ரூபாய் நல்ல காசு இல்லை."

"காட்டுங்க, பாப்போம்."

"கொண்டுவரலை."

"எங்க இருக்கு?"

"ஆத்துல, சுவாமி அலமாரில."

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பினார்கள். அவன் டீயை ஆற்றிக்கொண்டே, "காசு சாமிகிட்ட, கேஸு மட்டும் இங்க வந்திருக்கு. சரி, அதுல என்ன எழுதிருக்கு? அதையாவது சொல்லுங்க" என்றான்.

"துணில முடிஞ்சிருக்கு. அவுக்கப்படாது."

"அப்பம் கள்ளக்காசுன்னு எப்படித் தெரியும்?"

"அளவு சின்னது."

"அன்னைக்கு நல்ல மழைல்லா சாமி. நனைஞ்சு சுருங்கிருக்கும்."

நாலு பேரும் சிரித்தார்கள். என்னிடம் கணக்கு இருந்தது, ஆதாரம் இல்லை. எத்தனையோ ஆபீஸர்களை நான் இதே நிலையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். ரசீது இல்லாவிட்டால் செலவு இல்லை என்று எழுதியிருக்கிறேன். இப்போது ஒரு டீ மேஜைக்கு முன்னால் நானே ரசீது இல்லாமல் நின்றேன்.

"நீதான் குடுத்தே. வேற யாரும் எனக்கு அன்னிக்கு சில்லறை குடுக்கலை."

"குடுத்திருப்பேன் சாமி, இல்லைன்னு சொல்லல. டப்பால வரதத் திருப்பிக் குடுக்கேன். கள்ளக்காசு அடிக்க எனக்கு எங்க நேரம்? காலம்பற நாலு மணிலேருந்து டீ அடிக்கவே கை போதல."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், "போட்டே சாமி, இருபது ரூபயல்லே" என்றார். போகட்டுமாம், இருபது ரூபாய்தானாம். அவரிடம் கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சிரித்த வாய்களுக்கு முன்னால் என் மனைவியின் கண்ணைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் அவன் டப்பாவிலிருந்து இரண்டு பத்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினான். "இந்தாங்க. அந்தக் காசையும் நீங்களே வச்சுக்கிடுங்க. பிரஷர ஏத்திக்கிட்டு ரோட்டுல விழ வேண்டாம்." வாங்கிக்கொண்டேன். எனக்கு வரவேண்டியது அது. டீக்குப் பன்னிரண்டைத் தனியாகக் கொடுத்தேன். அவன் இனாம் எனக்கு வேண்டாம். கோபத்தில் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஆட்டோவில் ஏறி ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.

வீட்டில் வெற்றியாகத்தான் அறிவித்தேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. "இருபது ரூபா வந்துதே, அது சரி. உள்ள இருக்கறது என்னன்னு தெரிஞ்சுதா?"

தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, சொட்டுமருந்து விடத் தொடங்கியாச்சா என்று கேட்டாள். மனைவி போனை வாங்கி, "வரதுன்னு நிச்சயமானா விடறேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்த நாள் போனால் அடுத்த மாதக் கடைசி. அதற்குள் சர்க்கரை ஏறினால் அதுவும் இல்லை. இருமினால்தான் அடையாளம் தெரிகிற வீட்டில் நாங்கள் இரண்டு பேர் எப்படி இருப்பது?

அப்போதுதான் எடை என்கிற எண்ணம் வந்தது. அவிழ்க்கத்தான் கூடாது, நிறுக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. அவளிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "நானும் வருவேன். என் கையாலதான் வெப்பேன், என் கையாலதான் எடுப்பேன்" என்றாள். மஞ்சள் துணியைக் கிழித்தபோது அதே அளவில் இன்னொரு துண்டும் கிழித்து வைத்திருந்தாள். அதையும் எடுத்துக்கொண்டோம். என் டிராயர் இருபதையும் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாலைக் கடைத்தெருவில் ஒரு நகைக்கடை. ஆட்டோவுக்கு ஐம்பது. அவளைக் கைபிடித்து இரண்டு படி ஏற்றினேன். கல்லாவில் இருந்தவன் முடிச்சைப் பார்த்துவிட்டு, "பணயம் வெக்கானோ அம்மா?" என்றான்.

"அடகு வைக்க இல்லை. நிறுக்கணும்" என்றேன்.

"தங்கமா?"

"இல்லை."

"வெள்ளி?"

"இல்லை. என்னன்னு தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வரேன்?"

அவன் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். அவள் சாந்தமாக, "கண்ணு ஆபரேஷன் எனக்கு. காசு முடிஞ்சு வெச்சேன். என்ன காசுன்னு தெரியலை, அவுக்கவும் முடியாது. எடை மட்டும் பாத்துச் சொல்லணும்" என்றாள். அவன் ஒன்றும் கேட்காமல் தராசைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினான். அவள் விரலால் தட்டைத் தேடி முடிச்சை வைத்தாள். பத்து கிராம், புள்ளிக்குப் பிறகு பத்து. வெறும் துணி, ஒன்று முப்பது. கழித்தால் எட்டு கிராம் எண்பது. மஞ்சளுக்கு ஒரு பொட்டு தள்ளலாம். என் இருபது ரூபாயை வைத்தேன். எட்டு ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல்.

சின்ன காசு, அசலைவிட அதிக எடை. கள்ளக் காசு அடிக்கிறவன் அரசாங்கத்தைவிட அதிக உலோகம் போடமாட்டான். போட்டால் அவன் தர்மம் செய்கிறவன். ஆகவே இது கள்ளக் காசு அல்ல. எங்கேயோ ஒரு தேசத்தில் ஒழுங்காக அடிக்கப்பட்ட நல்ல காசு. இதை அவளுக்குக் கடையிலேயே விளக்கினேன். கொஞ்சம் சத்தமாகத்தான். அவள் முகம் அந்த வாரத்தில் முதல் தடவையாகத் தளர்ந்தது.

"எந்த தேசத்துக் காசு?"

"அது தெரியலை."

"அதையும் பாத்துடுங்கோ. எங்கேயாவது செல்லறதான்னு தெரியணும். நிறுத்திட்ட காசா இருந்தா?"

அதோடு விட்டாளா? ஒன்றும் வாங்காமல் அடுத்தவன் தராசை உபயோகிப்பது சரியில்லை என்று சொல்லி வெள்ளியில் ஒரு கண்மலர் எடுக்கச் சொன்னாள். கண்ணுக்காக வேண்டிக்கொண்டவர்கள் கோவிலில் செலுத்துவார்களே, இரண்டு கண் வடிவத்தில் மெல்லிய தகடு, அதுதான். நானூற்று எண்பது ரூபாய். தகடு காகிதம்போல இருந்தது. செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று நான் ஆரம்பித்ததும், "கண்ணுக்கு வாங்கறச்சே பேரம் பேசாதீங்கோ" என்றாள். திரும்பும்போது ஆட்டோக்காரன் அறுபது கேட்டான். போகும்போது ஐம்பது ஆன அதே தூரம். சுற்றுவழியாம். வாக்குவாதம் செய்ய எனக்குத் தெம்பு இல்லை. அவள் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மகன் புனேவிலிருந்து போன் செய்தான். வாராவாரம் செய்வான், கேட்கிற கேள்விகளும் வாராவாரம் அதேதான். நடந்ததைச் சொன்னேன். மூலை எத்தனை என்றான். துணிக்கு மேலாகவே விரல் வைத்து எண்ணியிருந்தேன், பன்னிரண்டு. குறுக்களவு என்றான். ஸ்கேல் வைத்துப் பார்த்திருந்தேன், இருபத்துமூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எடை எட்டு முக்கால் அல்லது எட்டு எண்பது. அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் நாலு வாய் காபி குடிப்பதற்குள் சொல்லிவிட்டான்.

"ஒரு பவுண்டுப்பா. இங்கிலாந்துக் காசு. பன்னிரண்டு மூலை, எட்டு முக்கால் கிராம். வெளி வளையம் மஞ்சள், நடுவுல வெள்ளை. நம்ம இருபது ரூபாய்க்கு நேர் தலைகீழ்."

தம்பானூரில் உள்ளங்கையில் பார்த்தது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. வெளியேதான் மஞ்சளாக இருந்தது. மழைத்துளிக்கு நடுவில் பார்த்தேன், மூலையை மட்டும் பார்த்து இருபது என்று எடுத்துக்கொண்டேன்.

"இதை முதல்லயே என்னைக் கேட்டிருக்கலாமேப்பா. இதுக்குப் போய் அம்மாவ நகைக்கடை வரைக்கும் கூட்டிண்டு போனேளா?"

"நிறுக்காம நீ எப்படிடா கண்டுபிடிச்சிருப்பே?" என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். அளந்தது நான், நிறுத்தது நான், நியாயம் கண்டுபிடித்தது நான். நாலு வாய் காபி நேரத்தில் பெயர் சொன்னவனுக்குத்தான் பாராட்டு. ஆறு மாதம் முன்னால் அம்மாவின் கண்ணுக்கு நல்ல டாக்டர் யார் என்று கேட்டபோது இந்த வேகத்தைக் காணோம்.

அன்றைக்குப் பவுண்டுக்கு நூற்றியாறு ரூபாய் என்றும் சொன்னானாம். போனை வைத்த பிறகு அவள் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராணி தலை போட்ட காசு, இன்றைக்கும் செல்லுகிற காசு. இனி என்ன, சொட்டுமருந்தை எடுத்துவரட்டுமா என்று கேட்டேன்.

"அவன் உங்களுக்கு இருபது ரூபா தரணும், இல்லையா?"

"யாரு?"

"டீக்கடைக்காரன். அதுக்கு பதிலா இதைக் குடுத்தான்."

"ஆமாம்."

"அப்பறம் நீங்க போய் சண்டை போட்டு இருபது ரூபாயை வாங்கிண்டு வந்துட்டேள்."

"ஆமாம். என் காசு."

"அப்போ இது யார் காசு?"

முப்பத்துநாலு வருஷத் தணிக்கையில் இவ்வளவு சுத்தமான ஆட்சேபணையை யாரும் என் மேல் எழுதியதில்லை. சண்டை போடாமல் இருந்திருந்தால் இருபது ரூபாய்க்கு ஈடாக வந்த காசு அது, எப்படியோ என் காசு. இருபதைத் திருப்பி வாங்கிய நிமிஷத்தில் அதில் எனக்கு ஒரு பைசா பாத்தியதை இல்லாமல் போய்விட்டது. என் சம்பாத்தியம் என்று குலதெய்வத்திடம் அவள் சொன்னது பொய்யாகிவிட்டது. பொய்யாக்கியது நான்.

"அவனே வெச்சுக்கோன்னு சொல்லித்தானே குடுத்தான்" என்றேன்.

"கள்ளக் காசுன்னு நீங்க சொன்னதை நம்பிச் சொன்னான். நூத்தியாறு ரூபான்னு தெரிஞ்சா சொல்லியிருப்பானா?"

"எந்த பாங்க்லயும் வெளிநாட்டு நாணயம் மாத்த மாட்டா. நோட்டு மட்டும்தான். இங்கே அதுக்கு மதிப்பே கிடையாது."

"அங்கே ஒரு காபி கிடைக்குமோல்லியோ?"

கத்துவதற்கு நிறைய இருந்தது. கத்தினால் சொட்டுமருந்து போகாது. ஆபரேஷனுக்கு இன்னும் மூன்றே நாள். அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை, பயந்துகொண்டிருந்தாள். ஒரு கண் ஏற்கெனவே போனவளுக்கு, மற்றதைத் திறந்து கத்தி வைப்பதற்குமுன் எங்கேயும் ஒரு பிசகு இருக்கக்கூடாது என்று இருந்தது. இந்தக் காசு ஒன்றைத்தான் அவளால் சரிபார்க்க முடிந்தது. டாக்டரின் கையைச் சரிபார்க்க முடியாதே.

திங்கட்கிழமை பக்ரீத் விடுமுறை. பஸ் காலியாக இருந்தது. டீக்கடையும் அப்படித்தான். என்னைக் கண்டதும் அவன், "இன்னைக்கு எவ்வளவு சாமி தரணும்?" என்றான்.

"நீ தரவேண்டாம். நான் தரணும்." நூற்றியாறு ரூபாயை மேஜையில் வைத்தேன். இந்தத் தடவை கண்ணிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்க ஆளும் இல்லை. அவன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"கோவளம் போற வெள்ளக்கார சாயிப்பு ஒருத்தன் அன்னைக்கு வந்தான். அவன்தான் தந்திருப்பான். நானும் இருபதுன்னுதான் வாங்கிப் போட்டேன்." பிறகு பணத்தை என் பக்கம் தள்ளினான். "இது வேண்டாம் சாமி."

"வாங்கிக்கோ."

"வேண்டாம். காசு தெய்வத்துக்குப் போயாச்சு. அதுக்கு நான் விலை வாங்குனா நல்லாவா இருக்கும்?"

"நீ வாங்கலைன்னா அது உன் காசு. அவ படுக்கமாட்டா."

"நான் வாங்குனா எனக்கு என்ன மிச்சம்? எங்க அம்மைக்கும் கண்ணுல புரைதான். ஊர்ல கிடக்கா. இங்க வான்னா வரமாட்டேங்கா. அது என் காசாவே போட்டும்."

வியாழக்கிழமை இருபது ரூபாயைக் கொடு என்று அவனிடம் சண்டை போட்டேன். திங்கட்கிழமை நூற்றியாறு ரூபாயை வாங்கிக்கொள் என்று அவனிடம் சண்டை போட்டேன். இரண்டாவதுதான் பெரிய சண்டை. எனக்கு வயசு எழுபத்தெட்டு, மழையில் வந்திருக்கிறேன், பணத்தைப் பிடி என்று சத்தம் போட்டேன். அவனும் போட்டான். பிறகு அவனே ஒரு வழி சொன்னான்.

"பாதி தாங்க. பாதி உங்க காசு, பாதி என் காசு. உங்க வீட்டம்மா கண்ணுக்கும் ஆச்சு, எங்க அம்மைக்கும் ஆச்சு. கோவில்ல ரெண்டு பேரையும் சொல்லச் சொல்லுங்க."

ஒரு நாணயத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள் என்பது எந்தக் கணக்கிலும் நிற்காது. ஐம்பத்துமூன்று ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். டீ கொடுத்தான், காசு வாங்கவில்லை. பிடிவாதம் பிடிக்க எனக்குச் சக்தி இல்லை. பஸ் போக பத்து, வர பத்து.

அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள் என்று நினைத்தேன். சொல்லி முடித்ததும், "அவன் அம்மா நட்சத்திரம் கேட்டேளா?" என்றாள். கேட்கவில்லை என்று அதற்கு ஒரு திட்டு. ஆனால் கையை நீட்டி, "மருந்தை எடுத்துண்டு வாங்கோ" என்றாள். அந்த மருந்துப் புட்டியின் மூடியை என்னால் உடனே திறக்க முடியவில்லை. பிள்ளைகள் திறக்காமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்களாம். கிழவர்களுக்கான மருந்து அது.

புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். முடிச்சை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவிழ்க்காதே என்று சொல்லவில்லை. நான் அவிழ்க்கவும் இல்லை. நாற்பது நிமிஷம் அந்த மூலைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். ஒரு தடவை பதினொன்றுதான் வந்தது. பயந்துபோய் மறுபடி எண்ணினேன்.

வியாழக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருமவில்லை.

"இவ்வளவு நாளா இந்தக் கிழிஞ்ச காலரோடதான் வெளில போயிண்டிருந்தேளா?" என்றாள்.

ஆகஸ்டில் திருநெல்வேலிப் பக்கம் உள்ள எங்கள் குலதெய்வக் கோவிலுக்கு ரயிலில் போனோம். டீக்கடைக்காரன் தாயாரின் நட்சத்திரத்தை, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வழியில் அதற்குள் கேட்டு வாங்கியிருந்தேன். பூசாரி முடிச்சை அவிழ்த்தார். காசை அவளே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ராணியின் மூக்கையும் காதுத் தோட்டையும் எனக்குக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது இங்க செல்லாதுல்லா? உண்டியல் எண்ணுதப்போ எங்களுக்குத்தான் தொந்தரவு. கூட இருபத்தொண்ணு ரூவா போட்ருங்க" என்றார். செல்லும், உங்கள் இருபத்தொன்றைவிட ஐந்து மடங்கு செல்லும் என்று நான் ஆரம்பித்தேன். அவள் என் சட்டைப் பையில் கை விட்டு இருபத்தொன்றை எடுத்தாள். தடவவில்லை, பார்த்து எடுத்தாள். கண்மலரும் பவுண்டும் ரூபாயும் சேர்ந்து உண்டியலுக்குள் விழுந்தன.

ஆஸ்பத்திரியும் ரயிலும் வேறு செலவுத் தலைப்பு, அவை எப்படியும் ஆகியிருக்கும். மழையில் கண்ணாடியைத் துடைக்காமல் ஒரு காசை வாங்கியதற்கு மட்டும் எனக்கு ஆனது எழுநூற்று ஐம்பத்தாறு ரூபாய்.